தலையை ஆட்டும் காற்றும் நான்கு விரல் தகடும்

நெடுந்தூரம் ஓடி வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று டீக்கடை வாசலில் நின்றால், அதன் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் குட்டிகளே. ஹெட்லைட்டுக்கு மேலே, ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நேராக, ஒரு கண்ணாடித் தகடு நிற்கும். உண்மையில் அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். கடையில் விண்ட்ஷீல்டு என்பார்கள். மெக்கானிக் அண்ணன்கள் பெரும்பாலும் வைசர் என்பார்கள். சில வண்டிகளில் அந்த வைசரின் உச்சியில் இன்னொரு குட்டித் தகடும் இருக்கும். அகலம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், உயரம் நான்கு விரல். இரண்டு கிளிப், இரண்டு திருகு, முடிந்தது வேலை. அதுதான் டிஃப்ளெக்டர்.

இவ்வளவு பெரிய வண்டியில் இத்தனூண்டு தகடு என்ன செய்துவிடும்? சரியாக மாட்டினால் ஓட்டுபவரின் தலையைக் காப்பாற்றும். தப்பாக மாட்டினால் இருந்த நிம்மதியையும் கெடுக்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் காற்றை எடை போட வேண்டும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டி. அதற்குள் இருக்கிற வெறும் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ‘காலிப் பெட்டி’ என்று நாம் சொல்வதற்குள் ஒரு கிலோ சர்க்கரைக்கும் மேலான எடை உட்கார்ந்திருக்கிறது! இப்போது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 10 மீட்டர். அப்படியானால் நொடிக்கு 12 கிலோ காற்று பலகையின் வழியில் வருகிறது. அந்தக் காற்று பலகையை ஏறக்குறைய 6 கிலோ எடையின் கனத்தோடு தள்ளும்.

வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர். தள்ளுவது 12 கிலோ என்று நினைப்பீர்கள். இல்லை, 24 கிலோ! நொடிக்கு வரும் காற்றும் இரண்டு மடங்கு, அது வந்து மோதும் வேகமும் இரண்டு மடங்கு. இரண்டு இரண்டு நான்கு. மணிக்கு 108 கிலோமீட்டரில் இதே கணக்கு 54 கிலோ காட்டும். ஊருக்குள் போகும்போது காற்று ஒரு பொருட்டாகவே தெரியாமல், நான்கு வழிச் சாலையில் ஏறியதும் அது மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

ஆனால் தலையை ஆட்டுவது இந்தத் தள்ளு இல்லை. இதை நிறையப் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒரே சீராக அடித்தால், உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து சமாளித்துக்கொள்ளும். கழுத்துத் தசை ‘இவ்வளவு பிடித்தால் போதும்’ என்று கற்றுக்கொண்டுவிடும். வைசரே இல்லாத வண்டியில் ஓட்டுபவர்கள் களைத்துப்போவார்கள், ஆனால் அவர்கள் தலை கிடுகிடுவென ஆடாது. காற்று ஒரு கணம் தள்ளி, மறுகணம் விட்டு, உடனே வேறு பக்கம் தள்ளினால்தான் தொல்லை. பின்னாலிருந்து ஒருவர் ஹெல்மெட்டைத் தலையணையால் இடைவிடாமல் மொத்துவதுபோல இருக்கும். எதிரே இருக்கும் பெயர்ப்பலகையில் எழுத்து மங்கும், கழுத்து வலிக்கும், ஹெல்மெட்டுக்குள் ஒரே இரைச்சல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரைச்சல் 100 டெசிபலை நெருங்கிவிடும். தொழிற்சாலையில் நாள் முழுக்க 85 டெசிபல் சத்தம் இருந்தாலே காதுக்கு அடைப்பான் போடச் சொல்வார்கள்.

சீராக வருகிற காற்றை இப்படித் துண்டு துண்டாக உடைப்பது யார்? இந்தக் கேள்விக்கான விடை ஒரு தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது.

1911-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம். லுட்விக் பிரான்டில் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹீமென்ஸ் என்ற மாணவர், ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்தி, அதன்மேல் எங்கெங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். நீரோட்டம் ஒரே நிதானத்தில் இருந்தால்தானே அளக்க முடியும்? அது இருக்கவில்லை. உருளைக்குப் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாக அலைந்தது. உருளை சரியான வட்டமாக இல்லையோ என்று அதைத் திரும்பத் திரும்ப இழைத்தார். தொட்டியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லையோ என்று அதையும் திருத்தினார். அலைச்சல் நின்றபாடில்லை. அதே கூடத்தில் வேலை பார்த்த ஹங்கேரிக்காரர் தியோடோர் வான் கார்மன் காலையில் வந்ததும், ஓட்டம் நிதானத்துக்கு வந்துவிட்டதா என்று விசாரிப்பாராம். இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஹீமென்ஸ் சோர்ந்துபோய்ச் சொல்வாராம்.

இவ்வளவு இழைத்தும் போகாதது உருளையின் கோளாறாக இருக்க முடியாது, தண்ணீரின் சுபாவமாகத்தான் இருக்க வேண்டும் என்று கார்மனுக்குத் தோன்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஓட்டத்தின் குறுக்கே ஒரு பொருள் நின்றால், அதன் பின்னால் இடப்பக்கம் ஒரு சுழல், அடுத்து வலப்பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறிப் பிறந்து வரிசையாகப் போகும், அந்த அமைப்புதான் கலையாமல் நிற்கக்கூடியது என்று கண்டார். இன்று அதைக் கார்மன் சுழல் வரிசை என்கிறோம். இதில் ஒரு வேடிக்கை. பிரான்ஸில் ஆன்ரி பெனார் என்பவர் அந்தச் சுழல்களைக் கார்மனுக்கு முன்பே படம் பிடித்திருந்தார். பெயர் என்னவோ கணக்குப் போட்டவருக்குப் போய்விட்டது.

மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தின் தூண்களுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துச் சுழித்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம்தான் இது. அட்லாண்டிக் கடலில் கேனரித் தீவுகளின் மலைகளைக் கடந்துபோகும் மேகங்களில்கூட இந்த இரட்டை வரிசை தெரியும். செயற்கைக்கோள் எடுத்த படங்களில் ஒவ்வொரு சுழலும் பல கிலோமீட்டர் அகலம்!

ஒரு நொடிக்கு எத்தனை சுழல் கிளம்பும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றில் கம்பிகள் பாடுவதை ஆராய்ந்த வின்சென்ஸ் ஸ்ட்ரோஹால் என்ற செக் இயற்பியலாளர் 1878-இல் தந்தது. காற்றின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுங்கள். அத்தனை முறை காற்று இப்படியும் அப்படியும் அலையும். மொட்டைமாடிக் கொடிக்கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன், பலமான காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால் நொடிக்கு 1000 முறை. அது காதுக்குக் கேட்கும் சத்தம், கம்பி ‘உய்ய்’ என்று ஊதும். வைசர் 40 சென்டிமீட்டர் அகலம், வண்டி நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால்? வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 10 முறை. நம் காது 20-க்குக் கீழே கேட்காது. அதனால் இதைக் காது கேட்பதில்லை, கழுத்து உணர்கிறது. கம்பியைப் பாட வைப்பதும் தலையை ஆட வைப்பதும் ஒரே வேலைதான். ஆனால் வைசர் ஒன்றும் உருண்டைக் கம்பி இல்லை, அதன் பின்னால் ஹேண்டில்பார், டேங்க், ஆள் என்று குறுக்கே எத்தனையோ நிற்கின்றன. அதனால் அந்த 10 குத்துமதிப்புதான்.

இப்போது வைசரின் மேல் விளிம்புக்கு வருவோம். வேகமாக வரும் காற்று தகட்டின் முன்பக்கத்தில் சறுக்கி ஏறி விளிம்பைத் தாண்டுகிறது. தாண்டியதும் சட்டென்று கீழே மடங்கி, தகட்டின் பின்பக்கத்தை ஒட்டி இறங்க அதனால் முடியாது. மேலாகப் பின்னால் பாய்ந்துவிடும். தகட்டுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே கிடப்பது மந்தமான காற்று. மேலே வேகக் காற்று, கீழே மந்தக் காற்று, நடுவில் மெல்லியதாய் ஓர் எல்லை. இரண்டும் உரசுவதால் அந்த எல்லை நேராக இருப்பதில்லை. சுருண்டு சுழல்களாக உடைந்துகொண்டே போகிறது.

ஓட்டுபவரின் ஹெல்மெட் இந்த எல்லைக்கு மேலே இருந்தால் சீரான காற்று படும். எல்லைக்குக் கீழே இருந்தால் மந்தக் காற்றுக்குள் அமைதியாக இருக்கும். சரியாக எல்லையிலேயே இருந்தால் தொலைந்தது, நொடிக்கு இத்தனை என்று சுழல்கள் வந்து மொத்தும். ஒரே வண்டியை அப்பா ஓட்டினால் சுகமாகவும், அத்தை ஓட்டினால் தலைவலியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் இருவருக்கும் உயரத்தில் நான்கு விரல் வித்தியாசம் இருந்தாலே போதும். வைசர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. யாருக்கு என்று கேட்க வேண்டும்.

டிஃப்ளெக்டர் என்ன செய்கிறது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அது காற்றை நிறுத்துவதில்லை, சுழலை ஒழிப்பதும் இல்லை. எல்லையை நான்கைந்து விரல் மேலே தூக்குகிறது. ஹெல்மெட்டின் நெற்றியில் மோதிய சுழல்கள் உச்சிக்கு மேலாகப் போய்விடுகின்றன. தகட்டின் சாய்வைத் திருகித் திருகி மாற்றலாம் என்பதால், ஓட்டுபவர் தன் உயரத்துக்கு ஏற்ப அந்த எல்லையை வைத்துக்கொள்ளலாம். எல்லை ஏற்கெனவே தலைக்குக் கீழே இருக்கிற ஆள் இதை வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? நெஞ்சில் மோதிக்கொண்டிருந்த சுழலைச் செலவு செய்து முகத்துக்குக் கூட்டி வந்ததாகும்.

சரி, நான்கு விரல் தகடு எதற்கு, வைசரையே இன்னும் பெரிதாகச் செய்துவிடலாமே என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதற்குச் சற்று முன்னால் ஓர் உருண்டை பாட்டிலை வையுங்கள். பாட்டிலுக்கு இந்தப் பக்கமிருந்து ஊதுங்கள். சுடர் அணைந்துவிடும்! காற்று பாட்டிலின் வளைவை ஒட்டியே சுற்றிப் போய்ப் பின்னால் சேர்ந்துகொள்கிறது. இப்போது பாட்டிலை எடுத்துவிட்டு, அதே அகலத்தில் ஒரு தட்டையான அட்டையை நிறுத்தி ஊதுங்கள். சுடர் அணையாது. அதோடு, நீங்கள் ஊதிய திசையில் சாயாமல், உங்களைப் பார்த்து, அட்டையை நோக்கிச் சாயும்.

ஏன்? அட்டையின் விளிம்பில் திரும்ப முடியாத காற்று அப்படியே விலகிப் போகிறது. அட்டைக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பப் பின்னாலிருந்து காற்று முன்னோக்கி வருகிறது. பெரிய வைசர் மாட்டியவர்கள் ‘யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது’ என்று சொல்வார்கள். அது கற்பனை இல்லை. அந்தச் சுடரைச் சாய்த்த காற்றுதான் அவர்கள் முதுகையும் தள்ளுகிறது. தகடு பெரிதாகப் பெரிதாக இந்த உறிஞ்சலும் பெரிதாகும், சுழல்களும் தடிக்கும்.

டிஃப்ளெக்டரை இன்னொரு தடவை பார்த்தால் ஒன்று தெரியும். அது வைசரோடு ஒட்டி நிற்பதில்லை. நடுவே ஒரு விரல், இரண்டு விரல் இடைவெளி விட்டிருப்பார்கள். செய்தவர் கை தவறி விட்ட சந்து இல்லை அது. என்னைக் கேட்டால், அந்தத் தகட்டில் புத்திசாலித்தனமான பகுதி அந்த வெறும் இடம்தான். சந்தின் வழியே கொஞ்சம் காற்று பின்பக்கம் நுழைகிறது. நுழைந்து, அழுத்தக் குறைவை ஓரளவு நிரப்புகிறது. மேலே வேகம், கீழே மந்தம் என்று இருந்த இடத்தில் நடுத்தர வேகத்தில் ஓர் அடுக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் காற்றுகளுக்குள் வேக வித்தியாசம் குறைந்தால் உரசல் குறையும், உரசல் குறைந்தால் சுழலும் மெலியும். சில வண்டிகளில் கம்பெனியே வைசரின் அடியில் இப்படி ஒரு வழி திறந்து வைத்திருக்கும்.

நம் கடற்கரை ஊர்களில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்க்கிறார்கள், கீற்றாலும் பனை மட்டையாலும் வேலி கட்டுகிறார்கள். அவற்றில் எல்லாம் இடுக்கு இடுக்காக வழி இருக்கும். கெட்டியான மதில் கட்டினால் காற்று ஏறிக் குதித்து, மதிலுக்குப் பின்னால் சுழன்று அடித்து நாற்றைச் சாய்க்கும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி சந்து உள்ள தடுப்பு, காற்றை முழுசாக நிறுத்தாமல் வேகத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு அனுப்பும். அதன் பாதுகாப்பு, தடுப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கும் மேலே போகும்.

காற்று மேலாக மட்டும் வருவதில்லை. முன்சக்கரமும் அதைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களும் கிழித்துத் தள்ளும் காற்று, டேங்குக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே கீழிருந்து ஏறி, ஹெல்மெட்டின் தாடையில் போய் மோதும். வைசரின் பின்னால்தான் அழுத்தம் குறைவாயிற்றே, அது வேறு இந்தக் காற்றைக் கூப்பிட்டு வரவழைக்கும். அதைத் தடுக்க உச்சியில் இருக்கும் தகடு உதவாது. ஃபோர்க்கின் இரு பக்கமும் காதுபோல் சின்னத் தகடுகள் மாட்டி அடைக்கிறார்கள். டேங்கின் மேல் ஒரு பையைக் கட்டியதும் தலையாட்டம் பாதி குறைந்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் கம்பெனிகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன? காற்றுச் சுரங்கத்தில் வைத்து. அதில் வண்டி நிற்கும், காற்று ஓடும். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் மான்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில் மோட்டோ குட்ஸி கம்பெனி 1950-இலேயே, முழு மோட்டார் சைக்கிளை ஆளோடு நிறுத்திப் பார்க்கும் அளவுக்குச் சுரங்கம் கட்டியது. பந்தய வண்டிகளுக்காகத்தான். 1976-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முன்பக்கத்தை மூடும் முன்கூட்டை இத்தாலியின் பினின்ஃபரீனா காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கியது. ஓட்டுபவரின் சுகத்துக்காக முழு முன்கூட்டோடு கடைக்கு வந்த வண்டிகளில் அது முன்னோடி. இவ்வளவு செய்தும் எல்லா உயரத்துக்கும் பொருந்தும் ஒரே தகட்டை இன்றுவரை யாராலும் செய்ய முடியவில்லை.

சுரங்கம் இல்லாத உங்கள் மாமாவோ சித்தியோ செலவே இல்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதை அவர்களிடம் நீங்கள் சொல்லலாம். வண்டி அதிகம் இல்லாத நேரான சாலையில், தலை ஆடும் வேகத்தில் போகும்போது, முதுகை நிமிர்த்தி நன்றாக உயர்ந்து உட்கார வேண்டும். ஆட்டம் அடங்கினால், தலை எல்லைக்கு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு வேண்டியது இன்னும் உயரமான தகடு இல்லை, இன்னும் குட்டையான வைசர். மாறாக, கொஞ்சம் குனிந்தபோது அடங்கினால் டிஃப்ளெக்டர் உதவும். எவ்வளவு குனிந்தாரோ கிட்டத்தட்ட அவ்வளவு உயரம் தேவை. இரண்டிலும் அடங்காவிட்டால் ஹெல்மெட் தலைக்குத் தொளதொளவென்று இருக்கிறதா, தாடை வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் லாரி போகும்போது இந்தச் சோதனை செல்லாது. லாரியின் முதுகிலிருந்து கிளம்பும் சுழல்கள் மிகப் பெரியவை, அவற்றுக்கு எந்தத் தகடும் பதில் இல்லை. விலகிப் பின்தங்குவதுதான் வழி. தகடு எதுவானாலும் ஓட்டுபவரின் பார்வை அதற்கு மேலாக இருக்க வேண்டும். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் பட்டால் சாலை மறைந்துவிடும்.

இனி உங்கள் வேலை. வீட்டு டேபிள் ஃபேன் போதும். ஆனால் ஃபேன் காற்று தானே சுழன்றபடி வரும், அதை நேராக்க வேண்டும். பழைய நோட்டுத் தாள்களை விரல் பருமனுக்குச் சுருட்டி, ஐம்பது அறுபது குழல்களை அடுக்கி, ஒரு செருப்புப் பெட்டியின் இரு முனையையும் வெட்டி எடுத்துவிட்டு அதற்குள் திணியுங்கள். ஃபேனுக்கு முன்னால் அதை வைத்தால் காற்று குழல்களின் வழியே நேராக வரும். உண்மையான காற்றுச் சுரங்கங்களிலும் தேன்கூடு வடிவத்தில் இப்படி ஓர் அடுக்கு உண்டு. அதன் முன் ஓர் அட்டையை, அதன் உச்சி பெட்டி வாயின் நடுவுக்குக் கீழே இருக்கும்படி, சற்றுப் பின்னால் சாய்த்து நிறுத்துங்கள். ஒரு குச்சியில் விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாகக் கட்டி, அட்டைக்குப் பின்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். மேலே இருக்கிற நூல்கள் நேராகப் பின்னால் பறக்கும். கீழே இருப்பவை தொங்கும், அல்லது அட்டையை நோக்கி நீளும். நடுவில் ஒன்றிரண்டு பைத்தியம் பிடித்ததுபோல் துடிக்கும். அதுதான் எல்லை.

பிறகு நான்கு விரல் உயரத்தில் இன்னொரு அட்டைத் துண்டை வெட்டி, முதல் அட்டையின் உச்சியில் ஈர்க்குச்சியும் டேப்பும் வைத்து ஒட்டுங்கள். முதலில் சந்தே இல்லாமல், அடுத்து ஒரு விரல் சந்து விட்டு, அதன்பின் இரண்டு விரல். ஒவ்வொரு தடவையும் எந்த நூல் துடிக்கிறது, எந்தச் சந்தில் துடிப்பு அதிகம் அடங்குகிறது என்று அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அட்டையின் சாய்வை மாற்றினால் விடையும் மாறும், அதையும் எழுதுங்கள். நூல்கள் நின்ற திசையோடு படம் வரைந்து, வீட்டு ஃபேன் எத்தனையாம் நம்பரில் ஓடியது என்பதையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள்.